சிவப்புப் பூஜ்யம்

ஹோல்பெக், விஸ்கான்சின்
13 ஜனவரி 2024

அன்புள்ள மார்லிஸ்,

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். செவ்வாய்க்கிழமை நம் வீட்டை வாங்கியிருப்பவர்கள் அளவெடுக்க வந்தபோது, ஐம்பத்தேழு வயதான உன் அண்ணன் நிலவறையில் கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து கொக்குத்தலைச் சுங்கக்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு குரலும் என்னுடையதே. சுங்கக்காரனுக்குக் கீச்சுக்குரல்.

அந்த அம்மாள் படியிலேயே நின்றுவிட்டாள். "கூட யாராவது இருக்காங்களா?" என்றாள். "இல்லைங்க, நான் மட்டும்தான்" என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. விளக்க ஆரம்பித்தேன். "சின்ன வயசுல ஆடின விளையாட்டும்மா. கட்டம் போட்ட அட்டையெல்லாம் கிடையாது. மேசையைச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு வேஷம். ஒருத்தன் மந்திரவாதி, ஒருத்தன் திருடன். 'கதவை உடைக்கிறேன்'னு வாயால சொன்னாப் போதும், உடைஞ்சுதா இல்லையான்னு பகடை சொல்லிடும். ஆட்டத்தை நடத்துறவன் ஒரு மறைப்பு அட்டைக்குப் பின்னாடி உக்காந்து உருட்டுவான். அது நான்."

"கடைசியில யார் ஜெயிப்பாங்க?"

"யாருமில்லைங்க."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். வீடு வேண்டாம் என்று சொல்லாமல் போனது நம் அதிர்ஷ்டம்.

கொதிகலனுக்குப் பின்னால் அந்தப் பெட்டி அப்படியே இருக்கிறது. விதிப்புத்தகங்கள் ஆறு, ஈரம் குடித்து ரொட்டி மாதிரி உப்பி. என் மறைப்பு அட்டை. நாம் வரைந்த வரைபடங்கள். அந்த இருபதுமுகப் பகடையும் இருக்கிறது. ஞாபகம் இருக்கிறதா, பூஜ்யம் முதல் ஒன்பதுவரை இரண்டு தடவை செதுக்கி, வெறும் வெள்ளையாக விற்பார்கள். எண்களுக்குள் நாமே மெழுகு தேய்த்து நிறம் ஏற்றவேண்டும். ஒவ்வொரு எண்ணிலும் ஒன்றுக்குப் பெட்டியில் வந்த கறுப்பு, மற்றதற்கு உன் கலர்ப் பெட்டியில் திருடிய சிவப்பு. கறுப்பு விழுந்தால் உள்ளபடி. சிவப்பு விழுந்தால் பத்தைக் கூட்டு. கறுப்புப் பூஜ்யம் பத்து, சிவப்புப் பூஜ்யம் இருபது. மூன்று வருஷம் ஆடியும் அந்த நிலவறையில் ஒருத்தனுக்கும் இருபது விழுந்ததாக நினைவில்லை. மெழுகு மட்டும் இன்னும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. என் தலைமயிருக்கு அந்த விசுவாசம் இல்லை.

ஜூன் 28-ஆம் தேதி சாவியைக் கொடுக்கவேண்டும். அதற்குள் ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போ. நீ இந்த வாசப்படியை மிதித்துப் பதினோரு வருஷம். அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட தேவாலயத்திலிருந்தே விமான நிலையத்துக்குப் போய்விட்டாய். இதைப் போனில் சொல்லியிருந்தால் இரண்டாம் நிமிஷம் சண்டை வந்திருக்கும். கடிதம் என்றால் நாலு நாளாவது தாங்கும்.

என் இடது கால் கட்டைவிரலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் அண்ணன்,
லோவெல்

*

டகோமா, வாஷிங்டன்
2 பிப்ரவரி 2024

அண்ணாவுக்கு,

கட்டைவிரலுக்கு என் அனுதாபம். பீரைக் குறைத்தால் அதுவும் குறையும் என்று பத்து வருஷமாகச் சொல்கிறேன்.

வர முடியாது. எங்கள் கம்பெனியின் இரண்டாவது வீடியோ கேம் இலையுதிர்காலத்தில் வெளிவரவேண்டும்; சண்டைக் கணக்கு முழுக்க என் தலையில். எந்த வாளுக்கு எவ்வளவு வெட்டு, எந்தப் பூதத்துக்கு எவ்வளவு உயிர் என்று நாள் முழுக்க எண்களோடுதான் குடித்தனம். புத்தகங்களை எறிந்துவிடு. பூஞ்சை பிடித்திருக்கும், உனக்கு ஏற்கெனவே மூச்சு இழுக்கும்.

பாலம் எழுதியிருந்த தாள் பெட்டியில் இருக்கிறதா? சும்மாதான் கேட்டேன்.

அவசரத்தில்,
மார்லிஸ்

*

ஹோல்பெக்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள மார்லிஸ்,

"சும்மாதான் கேட்டேன்" என்று நீ எழுதினால் சும்மா இல்லை என்பது எனக்குத் தெரியும். நீ பிறந்த அன்றிலிருந்து உன்னைப் பார்க்கிறேன்.

உன் வீடியோ கேமை ஆடிப் பார்த்தேன். ஆமாம், நான்தான். அது வெளிவந்து ஆறு வருஷம் கழித்து. கூபியாக்கின் மதுக்கடை மாடியில் டுவேன் டிவியோடு மாட்டி வைத்திருக்கும் கேம் பெட்டியில்தான். டுவேன் கூபியாக் இப்போது நூற்றிருபது கிலோ, முட்டி இரண்டும் மாற்றியாயிற்று, ஆனால் இன்னும் திருடன் வேஷம்தான் கட்டுகிறான். முதல் பாலத்திலேயே நாற்பத்தோரு தடவை செத்தேன். "கட்டைவிரலால நடடா, மூளையால இல்ல!" என்று கத்துகிறான். எனக்குக் கட்டைவிரல் என்றாலே வலிதான்.

நாற்பத்திரண்டாம் சாவில்தான் உறைத்தது. அடியே, அது என் பாலம்! தொங்கு பாலம், நடுவில் மூன்று பலகை இல்லை, அந்தப் பக்கம் கொக்குத்தலைச் சுங்கக்காரன். வீட்டுக்கு ஓடி (நொண்டி) தாளைத் தேடி எடுத்தேன். 1981, என் கோழிக்கிறுக்கல். பலகை எண்ணிக்கைகூட மாறவில்லை.

அதோடு நிற்கவில்லை. விதிப்புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உன் கேமைப் பார்க்கிறேன்: உயிர்ப்புள்ளி இருக்கிறது, லெவல் இருக்கிறது, கவச எண் இருக்கிறது. திருடன் முதுகில் குத்தினால் இரட்டை அடி என்பது அப்பா காபி சிந்திய முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. டுவேன் வாயில் உருளைக்கிழங்கோடு சொன்னான்: "உலகத்துல பாதிப்பேர் டிவிக்கு முன்னால உக்காந்து ஆடுறது நம்ம நிலவறையைத்தான்டா. என்ன, அட்டைக்குப் பின்னாடி நீ இல்ல, மிஷின் இருக்கு. அதான் கொஞ்சம் நியாயமா நடக்குது."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. அதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வாராந்தரிக்கு எழுதவேண்டிய நகைச்சுவைப் பத்தியைக்கூட நின்றுகொண்டேதான் எழுதினேன். வாசகர்கள் வித்தியாசம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

என் பாலத்தைத் திருடியதற்கு அபராதமாகவாவது ஒரு நாள் வா.

திருட்டுக் கொடுத்தவன்,
லோவெல்

*

டகோமா
4 மார்ச் 2024

அண்ணா,

நலம். நீயும் அப்படியே இருக்கவேண்டும். மேலே அனுப்புநர் முகவரி மாறியிருக்கும். அதற்கு எழுது. ஏன் என்று கேட்காதே.

திருட்டு என்றா சொன்னாய்? எனக்குப் பதினொரு வயது. உங்கள் மேசையில் இடம் வேண்டும் என்று மூன்று வாரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். நீயும் டுவேனும் மகாராஜாக்கள் மாதிரி கூடிப் பேசித் தீர்ப்புச் சொன்னீர்கள்: பாலத்தைத் தாண்டினால் நிரந்தர இடம். தாண்ட இருபது விழவேண்டும். இருபது விழுந்ததே இல்லை என்பதால்தான் இருபது கேட்டீர்கள் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். என் ஆள் பெர்ட்டா, சமையல்காரி, ஆறு உயிர்ப்புள்ளி, கையில் இரும்புக் கரண்டி. நீ அட்டைக்குப் பின்னால் உருட்டினாய். "நாலு" என்றாய். பெர்ட்டா ஆற்றில் விழுந்தாள். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

அந்தக் கோடை முழுக்க நூலகத்தின் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு பாலம் செய்தேன். வேறெதுவும் இல்லை, ஒரு பாலம், ஒரு கரண்டிக்காரி, எண்கள். அதுதான் என் முதல் கேம். அதை நான் எங்கிருந்தும் திருடவில்லை. தாண்டுவதற்காகக் கட்டினேன்.

எந்த மேடையில் ஏறினாலும் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். "நேர்மையான பகடையிடம் நேர்மையாகத் தோற்றேன், அதனால் என் வழியில் போனேன்" என்று. என் கேம்களில் எல்லா எண்ணும் திரையில் தெரியும். மறைவாக எதுவும் உருளாது. அது உன்னைச் சந்தேகப்பட்டு வைத்த விதி இல்லை. அந்த நாலை என் கண்ணால் பார்த்திருந்தால் அழுகை சீக்கிரம் நின்றிருக்கும், அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. தாளை அனுப்பு, பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்.

மார்லிஸ்

*

ஹோல்பெக்
12 மார்ச் 2024

அன்புள்ள மார்லிஸ்,

கேட்காதே என்றாய். நான் கேட்கவில்லை, டுவேன் கேட்டான். பேப்பரில் பார்த்தானாம்: உங்கள் கம்பெனி முந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது, இரண்டாவது கேமையும் மூட்டை கட்டிவிட்டது என்று. "மார்லிஸ் எப்படி இருக்கா?" என்றான். "ரொம்ப பிஸி" என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, நான் பொய் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரிகிறது என்பது. என் முகம் அப்படி. நாற்பத்துமூன்று வருஷத்தில் ஒரே ஒரு பொய்தான் எனக்குச் சரியாக வந்திருக்கிறது.

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். வீட்டைச் சுற்றி நடந்தேன். பனி வாரினேன், வாரவேண்டிய பனி தீர்ந்ததும் பக்கத்து வீட்டுக்காரருடையதையும் வாரினேன். அவர் பயந்துபோய் உள்ளிருந்தே கையசைத்தார். இனி வாருவதற்குப் பனி இல்லை. எழுதிவிடுகிறேன்.

அது நாலு இல்லை.

பூஜ்யம். கறுப்பாக இருந்தால் பத்து, பெர்ட்டா ஆற்றில்தான். ஆனால் அது சிவப்பு. இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது, அட்டைக்குப் பின்னால், என் கட்டைவிரலுக்குப் பக்கத்தில், ரத்தச் சிவப்பு. இருபது. அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு "நாலு" என்றேன். ஏன் நாலு என்று எனக்கே தெரியாது. வாயில் வந்தது.

பெரிய காரணம் எதுவும் இல்லை. தங்கச்சியை மேசையில் உட்கார வைத்தால் மற்ற பையன்கள் சிரிப்பார்கள் என்று டுவேனிடம் சொன்னேன். நிஜம் வேறு. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று வாரத்திலேயே நீ என் எல்லாப் பொறியையும் முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாய். நீ மேசைக்கு வந்தால் அட்டைக்குப் பின்னால் உட்காரவேண்டியது நான் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

உனக்கு இப்போது வேலை போயிருக்கிற நேரத்தில் இதைச் சொல்வது சரியா என்று தெரியவில்லை. வேறு நேரம் என்றால் இன்னும் நாற்பத்துமூன்று வருஷம் ஆகும். தாளை இதோடு வைத்திருக்கிறேன். திருப்பித் தரவேண்டாம்.

லோவெல்

*

ஹோல்பெக்
20 ஏப்ரல் 2024

அன்புள்ள மார்லிஸ்,

சுகம்தானே? ஒரு வரியாவது.

ஐந்து வாரமாயிற்று. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே "இல்லை" என்று தலையாட்டுகிறார். சமையலறையைக் காலி செய்தேன். அம்மாவின் அலமாரியில் முப்பத்தெட்டு பாலாடைக்கட்டி டப்பா. எதிலும் பாலாடைக்கட்டி இல்லை, எல்லாவற்றிலும் பொத்தான்கள். ஒரு நாற்காலியும் மிச்சமில்லாததால் உட்காருவதைப் பற்றிய கவலை விட்டது. போனில் உன் எண்ணை நாலு தடவை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

டுவேனிடமும் சொல்லிவிட்டேன். கண்ணாடித் தம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "எனக்கு அன்னைக்கே ஒரு சந்தேகம்டா. நாலுன்னு சொல்லும்போது உன் காது சிவந்துச்சு" என்றான். "அப்பவே கேட்டிருக்கலாமேடா." "கேட்டா எனக்கும் அதுல பங்குன்னு ஆயிருக்கும்ல." எனக்கு வைத்த பிராந்தியில் அன்றைக்குச் செர்ரி போடவில்லை.

திட்டியாவது எழுது.

லோவெல்

*

டகோமா
9 மே 2024

அண்ணா,

உயிரோடு இருக்கிறேன். இதுதான் நலம் விசாரிப்பு.

ஜனவரி மூன்றாம் வாரம் காலை ஒன்பது மணிக்கு அனுப்பிவிட்டார்கள். பதினாறு வருஷம். கம்ப்யூட்டர் திரையில் ஒருத்தி வந்து ஏழு நிமிஷம் பேசினாள். என் பெயரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னாள். பிப்ரவரியில் உனக்கு எழுதிய கடிதம் பொய். வாடகை வீட்டை விட்டுவிட்டு இப்போது சிநேகிதி வீட்டு மேல் அறையில் இருக்கிறேன். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் உனக்கே தெரியும்: நீ பரிதாபப்படுவாய், பிறகு அதைப் பற்றிப் பத்தி எழுதுவாய்.

எல்லாம் போன பிறகு என்னிடம் மிச்சமிருந்தது ஒன்று. நேர்மையாகத் தோற்றேன், அதிலிருந்து எழுந்தேன் என்பது. அதை வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன். அதையும் உன் கடிதத்தில் வைத்து அனுப்பிவிட்டாய். எட்டு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். இடையில் ஒரு நாள் சிரிப்பு வந்தது. காரணம், நான் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று யோசித்தேன். ஹோல்பெக்கில் உன்னோடும் டுவேனோடும் உட்கார்ந்து வெள்ளிக்கிழமைதோறும் வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். பிறகு மறுபடி கோபம் வந்தது. அந்த வாழ்க்கை ஏன் எனக்குக் கிடைக்கவில்லை என்று.

இப்போது நான் சொல்கிறபடி செய். வெள்ளிக்கிழமை, டுவேன் கடையில், மீன் வறுவல் கூட்டத்துக்கு நடுவில், அதே பகடையை உருட்டவேண்டும். டுவேன் உருட்டி டுவேன் படிக்கட்டும். நீ சுவரைப் பார்த்து நில். திரும்பக்கூடாது, தொடக்கூடாது. இருபது விழுந்தால் வருகிறேன். விழாவிட்டால் பெட்டியை எரித்துவிடு, இந்தப் பேச்சை எப்போதும் எடுக்காதே. இருபதில் ஒன்று. நீங்கள் எனக்குக் கொடுத்த அதே வாய்ப்பு.

மார்லிஸ்

*

ஹோல்பெக்
18 மே 2024

அன்புள்ள மார்லிஸ்,

கால் வலி, கழுத்து வலி, தொண்டைக்கட்டு. மூன்றுக்கும் காரணம் கீழே வருகிறது.

நேற்று ஆறு மணிக்குப் போனேன். கடை நிறைந்திருந்தது. பகடையை டுவேனிடம் கொடுத்து உன் கடிதத்தையும் காட்டினேன். இரண்டு தடவை படித்தான். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைமேல் தட்டினான். "மீனை வாயில வச்சவங்க முழுங்கிடுங்க, வைக்காதவங்க அப்படியே பிடிங்க. சத்தம் போடக்கூடாது. ஒரு பொண்ணு பாலத்தைத் தாண்டணும்." ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் விஸ்கான்சினில் மதுக்கடையில் பகடை உருளப்போகிறது என்றால் காரணம் யாரும் கேட்பதில்லை. கூடிவிட்டார்கள்.

என்னைச் சுவரோரம் நிறுத்தினார்கள். மூக்குக்கு நேரே, பாடம் செய்து மாட்டிய அந்தப் பெரிய மஸ்கி மீன். அதன் கண்ணாடிக் கண்ணும் என் கண்ணும் முட்டிக்கொண்டன. கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னான் டுவேன். பின்னால் தோல் கிண்ணத்தில் பகடை உருளும் சத்தம். கிண்ணம் மேசையில் கவிழ்ந்தது. கிண்ணத்தைத் தூக்கும் சத்தமும் கேட்டது. ஆனால் அவன் பேசவில்லை. மூன்று, நாலு விநாடி. மஸ்கி மீனே கொட்டாவி விட்டிருக்கும்.

பிறகு கத்தினான்: "பூஜ்யம்! சிவப்பு! இருபது!"

கூரை அதிர்ந்தது. ஏன் கத்துகிறோம் என்று தெரியாமலே எல்லாரும் கத்தினார்கள். நானும் மீனைப் பார்த்தபடியே கத்தினேன். திரும்பினபோது பகடை மேசைமேல் இல்லை. யாரும் எட்டிப் பார்ப்பதற்குள் அவன் ஏப்ரன் பைக்குள் போய்விட்டதாம். "காட்டுடா" என்றேன். "நாப்பத்துமூணு வருஷம் முன்னாடி நீ காட்டினியா?" என்றான்.

சாட்சிக்காகத் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதோடு வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கறை மீனுடையது, கண்ணீர் இல்லை. அப்படி எழுதினால் நீ நம்பமாட்டாய் என்பதால் சொல்லிவிடுகிறேன், ஒரு மூலையில் இருப்பது கண்ணீர்தான்.

வா.

அண்ணன்

*

டகோமா
24 மே 2024

அண்ணா,

காகிதம் வந்தது. அறை முழுக்க மீன் வாடை.

ஜூன் 26, புதன்கிழமை மத்தியானம் வருகிறேன். நீ சமைக்காதே.

மார்லிஸ்

*

ஹோல்பெக்
3 ஜூலை 2024

அன்புள்ள மார்லிஸ்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். உன் தொப்பி என் காரில் இருக்கிறது. அம்மாவின் பொத்தான் டப்பா ஒன்று குறைகிறது, கேட்கமாட்டேன்.

இந்த வாரப் பத்தியில் உன்னைப் பற்றி எழுதவில்லை. ஆசிரியர், "என்னய்யா, இந்த வாரம் சிரிப்பே வரலையே" என்றார். அதனால் சொல்ல நினைத்ததை இங்கே சொல்கிறேன்.

வாசலில் டாக்ஸி நின்றதும் நீ பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் நேரே நிலவறைக்கு இறங்கினாயே, அந்தப் படியில், நாலாவது படியில், ஒரு விநாடி உட்கார்ந்தாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய். பிறகு எழுந்து வந்து என் மறைப்பு அட்டையை எடுத்துத் தரையில் விரித்து, அதன்மேல் பாலாடைக்கட்டி வறுவலைக் கொட்டினாய். நாற்பத்துமூன்று வருஷத்தில் அந்த அட்டைக்குக் கிடைத்த முதல் நல்ல வேலை.

டுவேனும் வந்து சேர்ந்ததும் ஆட்டத்தை நீ நடத்தினாய். இருபதுமுகத்தை டுவேன் கடைசிவரை தரவில்லை. "அது ரிடையர் ஆயிடுச்சு" என்று உறையில் போட்டு, பசை தடவி ஒட்டி, உன் பைக்குள் அவனே வைத்தான். நாம் அட்டைத்துண்டில் எண் எழுதிக் காபிக் கோப்பையில் குலுக்கி எடுத்தோம். என் மந்திரவாதி இரண்டாவது அறையிலேயே செத்துப்போனான். நீ எண்ணை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினாய். "பாத்துக்கோ, மூணு. அப்புறம் அழக்கூடாது." நிஜமாகவே வலி குறைவாகத்தான் இருந்தது. பெர்ட்டாவை மேசை இல்லாத அந்த மேசைக்கு அழைத்து உட்காரவைத்து, டுவேன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான். அவன் முட்டிக்கு அது பெரிய வேலை.

வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்தேன். அந்த அம்மாள் நிலவறைக் கதவைக் காட்டி, "முடிஞ்சுதா உங்க ஆட்டம்?" என்றாள். "யாருக்குத் தெரியும்" என்றேன்.

இப்போது உட்கார முடிகிறது. உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
லோவெல்

*

டகோமா
19 ஜூலை 2024

அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறேன், இந்தத் தடவை நிஜமாகவே. உன் கட்டைவிரல் எப்படி இருக்கிறது? தொப்பியை நீயே வைத்துக்கொள், உன் தலைக்கு ஏதாவது வேண்டும்.

என்னோடு வெளியே அனுப்பப்பட்ட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சின்னதாக ஒரு கேம் ஆரம்பித்திருக்கிறோம். ஆபீஸ் இந்த மேல் அறைதான். ஒரு பாலம், ஒரு கரண்டிக்காரி, சுங்கக்காரனுக்குக் கீச்சுக்குரல். அந்தக் குரலை நீ கொடுக்கவேண்டும்; டேப்பில் பதிந்து அனுப்பு. நான் தூக்கிவந்த பழைய புத்தகங்கள் ஆறும் ஜன்னலோரம் காய்கின்றன. பூஞ்சை வாடையோடுதான் வேலை செய்கிறோம். முப்பத்தோராம் பக்கத்தைப் படித்துவிட்டு ஒருத்தன், "இதைத்தான் நாம இத்தனை வருஷமா புதுசுன்னு சொல்லிட்டிருந்தோமா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டான்.

முதல் திரையில் நம் பகடை உருளவேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. உங்கள் இரண்டு பேர் கதையையும் சொன்னேன், ஒருத்தி அழுதேவிட்டாள். பகடையின் எல்லா முகத்தையும் படம் எடுக்கவேண்டும் என்பதால் இன்று மத்தியானம் டுவேனின் உறையைக் கிழித்தேன். உறையின்மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. "தேவையில்லாமல் திறக்காதே" என்று அவன் கையெழுத்தில். மெழுகு நீ தேய்த்ததேதான், சிவப்பு என் பெட்டியில் போனதேதான், ஒரு இடத்திலும் உதிரவில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு முகமாக எடுத்தேன். இருபது படம். இரண்டு தடவை சரிபார்த்தேன். டுவேனிடம் எதுவும் கேட்காதே. நன்றி மட்டும் சொல். எப்போதும் போடுகிறதைவிட ஒரு செர்ரி கூடப் போடச் சொல், உனக்கு வேண்டியிருக்கும்.

அன்புடன்,
மார்லிஸ்

பி.கு.: மூன்று இரண்டும் சிவப்பு. பூஜ்யம் இரண்டும் கறுப்பு. அந்தப் பகடையில் இருபது என்றைக்குமே இருந்ததில்லை.